முத்துக்குளித்துறையில் ஒரு ஜெர்மானியத் தளபதி

ஜெர்மானியத் தளபதி என்றதும் நம் இளைஞர் நெஞ்சிலே எழும் உருவம் எது? ஆப்பிரிக்கப் பாலைவனத்திலே டாங்கிப் படை நடத்திய ரொமலின் உருவம். அல்லது, 1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு, சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டுமாரி பொழிந்துவிட்டு இருளிலே மறைந்த எம்டன் கப்பலின் தலைவன் முல்லரின் உருவம். அந்தக் கப்பல் நம் கரையருகே நின்றது சிறிது நேரந்தான். எனினும் 'ஆள் சரியான எம்டன்' என்று நம் பேச்சு வழக்கிலேயே அது நங்கூரம் பாய்ச்சிவிட்டது! ஓர் இரவு வந்து போனவனுக்கு மொழியிலே இடம் கொடுத்த நாம், நம் தென்கரையைக் கைப்பற்றி, இடையிடையே கைமாறினாலும் 1825 வரையில் அயல்நாட்டு வணிகக் கும்பினியின் பிடியிலே இருக்கும்படி செய்துவிட்டுப் போன இன்னொருவனை அடியோடு மறந்துவிட்டோம். அவன் பெயர் ரைக்லாப் வான் கூன்ஸ். பிறந்த ஊர், ஜெர்மனியிலே ரீஸ். வென்ற ஊர்களிலே ஒன்று, நம் தூத்துக்குடி.

ரீஸ், ரைன் ஆற்றங்கரையில் உள்ள சிறு கோட்டை நகரம். அன்று அது கிளீவ்ஸ் கோமக்களின் நாட்டைச் சேர்ந்தது. 1614 முதல் அங்கே ஒல்லாந்துப் படை காவல் இருந்தது. படை அதிகாரி ஒருவரின் மகனாக, 1619ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் வான் கூன்ஸ் பிறந்தான். மண்ணால் ஜெர்மானியன், குடியாலும் கூலியாலும் ஒல்லாந்தன். 'தலைப்பிலே ஒன்று சொல்லி, உள்ளே வேறொன்று சொல்கிறீரே' என்று கேட்கும் தோழர்க்கு நாம் கூறும் விடை இதுதான்: ஜெர்மனி என்றொரு தனியரசே அன்று இல்லை. இருந்தவை சிற்றரசுகளும், அவற்றைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒரே கிறிஸ்துவின் பெயரால் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்த அந்தப் போர் 1618இல் மூண்டது. அதற்கடுத்த ஆண்டு பிறந்தவன் இவன். போரினால் வாழ்விழந்த ஜெர்மானிய உழவர் மக்களும் கைவினைஞர் மக்களும் கூட்டங் கூட்டமாக ஆம்ஸ்டர்டாம் சென்று, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையிலே பெயர் பதிந்தனர். அந்தப் படையிலே பெரும்பகுதி ஜெர்மானியரே. நூரம்பர்க்கைச் சேர்ந்த யோகான் சார் என்னும் சிப்பாய் அவர்களில் ஒருவன். பதினைந்தாண்டு ஊழியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, தன் அனுபவங்களை 1662இல் நூலாக வெளியிட்டான்.

1602இல் தோன்றிய அந்தக் கும்பினியின் பெயருக்கு மூன்றெழுத்துச் சுருக்கம் உண்டு: வி.ஓ.சி.! ஆம், அந்த மூன்றெழுத்தேதான். அதன் கலங்கள் நின்ற அதே தூத்துக்குடியிலே, 1906இல் சுதேசிக் கப்பல் கும்பினி கண்ட சிதம்பரனாரின் முதலெழுத்துகளும் அவையே. இன்று துறைமுகம் தாங்கியிருப்பது பின்னவரின் பெயரை. எழுத்து ஒன்றாயினும் பொருள் வேறு என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ!

வான் கூன்ஸ் பிறந்த அதே 1619இல்தான் பறங்கியர், அதாவது போர்ச்சுகீசியர், சங்கிலி மன்னனை வீழ்த்தி யாழ்ப்பாணத்தைத் தமதாக்கிக் கொண்டனர். அந்த யாழ்ப்பாணத்தை அவர்களிடமிருந்து பறிக்கப் போகும் பிள்ளை ரைன் ஆற்றங்கரையிலே தொட்டிலில் கிடந்தான். இதை 'விதி' என்பர் பழமை விரும்பிகள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். மிளகும் பட்டையும் முத்தும் எங்கே விளைந்தனவோ அங்கே பீரங்கிகள் வந்து சேர்ந்தன. பிடித்தவன் ஒருவன், பறிக்க வந்தவன் மற்றொருவன்.

1629இல் பெற்றோருடன் சாவகத் தீவின் பத்தாவியாவுக்கு வந்து சேர்ந்தான் சிறுவன். சில காலத்துக்குள் பெற்றோர் இருவரும் மாண்டனர். அனாதையான அவனைச் சோழமண்டலக் கரையின் ஒல்லாந்து ஆளுநரிடம் ஊழியத்துக்கு அனுப்பினர். அந்த ஆளுநரின் இருப்பிடம் நம் பழவேற்காடு. தமிழும் தெலுங்கும் ஒலிக்கும் அந்தக் கரையிலேதான் அவன் கணக்கும் வணிகமும் கற்றான். கற்றவன் படிப்படியாக உயர்ந்தான். 1648க்கும் 1654க்கும் இடையே சாவகத்தின் மாத்தாரம் அரசவைக்கு ஐந்து முறை தூது சென்றான். அரசவையிலே அரசன் எப்படி அமர்கிறான், பெருமக்கள் எப்படி நடுங்குகிறார்கள், படை எவ்வளவு, நெல் எவ்வளவு என்றெல்லாம் குறித்து வைத்தான். எதிரியை வெல்லுமுன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இருந்தது. நம் பாளையக்காரர்க்கும் நாயக்கர்க்கும் இல்லாமற் போனது அதுவே.

1650களின் நடுவிலே ஒல்லாந்து சென்று, கும்பினியின் தலைவர்களிடம் தன் திட்டத்தை விரித்துரைத்தான். இலங்கையில் பட்டை விளையும் பகுதியை மட்டும் பிடித்தால் போதாது, எதிர்க்கரையையும் பிடிக்க வேண்டும், இடையிலுள்ள கடலையும் பூட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். 1656 மே மாதம் கொழும்பு ஒல்லாந்தர் கையிலே விழுந்திருந்தது. கண்டி மன்னன் இராசசிங்கன் துணை நின்றான். வென்றதும் நகரைத் தன்னிடம் ஒப்படைப்பார்கள் என்று நம்பினான். ஒப்படைத்தார்களா? கதவைச் சாத்திக்கொண்டார்கள்! எஞ்சியதை முடிக்க, 1657இல் தரையிலும் கடலிலும் தளபதி என்னும் அதிகாரத்தோடு வந்து சேர்ந்தான் வான் கூன்ஸ்.

அவன் குறிவைத்த முத்துக்குளித்துறை எப்படிப்பட்டது? குமரிமுனை தொடங்கி இராமேசுவரத் தீவு வரையில் நீளும் மணற்கரை. அப்பால் கடலடியிலே 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில் சிப்பிகள் வளரும். சிப்பி ஒவ்வோர் ஆண்டும் விளைவதில்லை. சில ஆண்டு கொட்டும், பல ஆண்டு வெறுமையாகக் கிடக்கும். விளைந்த ஆண்டிலே, பங்குனியை ஒட்டிய அமைதியான நாள்களில் தோணிகள் கூடும். பரதவர் கல்லைக் காலில் கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை மூழ்குவர். மூச்சடக்கி நிற்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கூடையை நிரப்பி, கயிற்றை இழுத்துச் சைகை காட்ட வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவன் கண்ணயர்ந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. அதனால் கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனனிடமே கொடுப்பர் என்று ஒரு வழக்குரை உண்டு. தங்கையின் தாலி பற்றிய கவலை அவனுக்கு இருக்குமல்லவா!

தோணி எத்தனை என்பதல்ல, மூழ்கும் கல் எத்தனை என்பதே வரிக்குக் கணக்கு. ஆள்வோர்க்கு ஒரு பங்கு, சாதித் தலைவனுக்கு ஒரு பங்கு. அத்துடன், சுறாமீனின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்த 'கடல்கட்டி'க்கும் ஒரு பங்கு! 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரை கண்ட மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒன்று, மீனை மயக்கும் பார்ப்பனர்க்கு இருபதில் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறான். அரசன் பெறுவதில் பாதி, முணுமுணுப்பவனுக்கு! பின்னர்ப் பரதவர் கிறித்தவராயினர். கடல்கட்டி ஒழிந்தானா? இல்லை. 19ஆம் நூற்றாண்டிலே இலங்கையில் முத்துக்குளிப்பைக் கண்ட டென்னன்ட் என்னும் ஆங்கில அதிகாரி, பரம்பரைக் கடல்கட்டி கத்தோலிக்கனாக இருந்ததைக் குறித்திருக்கிறார். வேதம் மாறியது, மந்திரம் மாறவில்லை, பங்கும் குறையவில்லை.

பரதவர் மதம் மாறியது 1530களிலே. முத்து உரிமை பற்றி முஸ்லிம் வணிகரோடு மூண்ட பகையில், பாதுகாப்புத் தேடிப் பறங்கியரிடம் சென்றனர். ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பர். 1542இல் சவேரியார் வந்தார். பாதுகாப்புக்கு விலை உண்டு. அந்த விலையைப் பறங்கி அதிகாரிகள் முத்தாகவும் பணமாகவும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டே இருந்தனர்.

1658 தொடக்கத்தில் வான் கூன்ஸின் கப்பல்கள் தூத்துக்குடிக்கு முன்னே வந்து நின்றன. பெரும்போர் ஒன்றும் நடைபெறவில்லை. வலுவான கோட்டை அங்கே இல்லை. கல் வீடுகளும் கடலிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் தேவாலயங்களும் கொண்ட திறந்த நகரம் அது. பீரங்கி முழங்கியது, பறங்கியர் நிலைகுலைந்தனர், ஊர் கைமாறியது. ஊருக்கு உரிய அரசர் யார்? மதுரைத் திருமலை நாயக்கர். அவர் படை எங்கே? 1650களின் பிற்பகுதியில் மைசூரோடு நடந்த போரிலே அது ஈடுபட்டிருந்தது. அந்தப் போருக்கு வரலாறு தந்த பெயர் மூக்கறுப்புப் போர். மைசூர்ப் படை நம்மவர் மூக்கை அறுத்து மூட்டை கட்டிற்றாம். பதிலுக்கு நம்மவர் அவர்கள் மூக்கை அறுத்தனராம். இங்கே மூக்குகள் எண்ணப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், கடலோரத்திலே பாண்டிநாட்டின் வாயிற்கதவு களவு போயிற்று!

இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்ததுண்டு. 1640களின் இறுதியில் ஒல்லாந்தர் திருச்செந்தூரிலே இறங்கி, முருகன் கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டு தங்கினர். வெளியேறியபோது சிலைகளையும் எடுத்துச் சென்றனர். கப்பலிலே சென்றபோது புயல் எழுந்ததென்றும், அஞ்சிய ஒல்லாந்தர் சிலையைக் கடலில் எறிந்தனரென்றும், 1653இல் வடமலையப்பப் பிள்ளை கனவு கண்டு, எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில் மூழ்கி அதை மீட்டாரென்றும் தலபுராணக்காரர் கூறுவர். கடலைக் கொந்தளிக்கச் செய்த ஆற்றல், கோயிலுக்குள் பீரங்கி புகுந்தபோது எங்கே சென்றிருந்தது என்று நாம் கேட்டால் கோபம் வரும். கோபம் வேண்டாம். அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கரையைக் காக்க நமக்கு ஏன் கப்பல் இல்லை? முதற்பராந்தகன் காலந்தொட்டுக் கடல் கடந்து படை நடத்திய தமிழகத்திலே, 17ஆம் நூற்றாண்டில் ஒரு பீரங்கிக் கப்பலும் இல்லை. பத்தாண்டு கழித்துத் தூத்துக்குடி வீழ்ந்தபோதும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து மன்னார். 1658 பிப்ரவரியில் அது வீழ்ந்தது. அங்கிருந்து படை வன்னிக் காட்டைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிற்று. கடல் நடுவே இருந்த ஊர்காவற்றுறைக் கோட்டை குடிநீர் இன்றிப் பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டையை மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டான். வான் கூன்ஸின் போர்முறை இங்கேதான் நன்கு விளங்குகிறது. சுவரிலே தலையை மோதி ஆளை இழக்கும் வேலை அவனுக்குப் பிடிக்காது. நீரை அடை, நெல்லை அடை, கடல்வழியை அடை, பிறகு காத்திரு! கோட்டைக்குள் வீரரோடு பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளும் அடைந்து கிடந்தனர். பசியும் கொள்ளைநோயும் பீரங்கி செய்யாத வேலையைச் செய்தன. ஜூன் மாதத்திலே கதவு திறந்தது. சில மாதங்களுக்குள் ஒரு சதி வெளிப்பட்டதென்று கூறித் தலைகளை வெட்டினர். வெட்டுண்டோரில் சேசு சபைக் குரு ஒருவரும் உண்டு. ஜூலையிலே நாகப்பட்டினமும் பணிந்தது. ஓராண்டுக்குள், பாக்கு நீரிணையின் இரு கரையும் ஒரே கும்பினியின் கையிலே!

பிறகு மலையாளக்கரை. 1661 டிசம்பரில் கொல்லம், 1662 சனவரியில் கொடுங்கல்லூர். கொச்சியை அதே ஆண்டு முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பினான். மீண்டும் வந்து 1663 சனவரியில் பிடித்தான். இதிலே ஒரு வேடிக்கை. போர்ச்சுகலும் ஒல்லாந்தும் 1661 ஆகஸ்டிலேயே சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன. ஆனால் ஒப்புதல் முறைப்படி முடியவில்லை, அறிவிப்பும் வரவில்லை! அந்த இடைவெளியிலே கொச்சி கைமாறியது. கொச்சியைத் திருப்பிக் கொடு என்று பறங்கியர் கேட்டனர். கிடைக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

வெற்றிப் பட்டியல் போதும். தளபதியின் புகழ் பாடும் நூல்கள் அத்துடன் நின்றுவிடுகின்றன. நாம் நிற்பதற்கில்லை. தூத்துக்குடியிலே வாழ்ந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது?

முதலாவதாக, தேவாலயங்களை ஒல்லாந்தர் கைப்பற்றினர். படையோடு வந்த பால்டேயஸ் என்னும் பாதிரியார், பரதவரைக் கத்தோலிக்கத்திலிருந்து தம் சீர்திருத்தச் சபைக்கு இழுக்க முயன்றார். படிப்பாளி அவர். 1672இல் வெளியான அவர் நூலிலே தமிழ் எழுத்துகளையும் அச்சிட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் பரதவர் அசையவில்லை. நகருக்குள் பூசை தடுக்கப்பட்டபோது வெளியே சென்று பூசை கண்டனர். பனிமய மாதா சிலையை ஒளித்துக் காத்தனர் என்று மரபு கூறும். ஒரு நூற்றாண்டுக்கு முன் பாதுகாப்புக்காக ஏற்ற மதத்தை, பாதுகாப்பு போன பிறகும் விடவில்லை. வேதத்தின் ஆழமா, சாதிக் கட்டின் இறுக்கமா? சாதித் தலைவன் ஒருவனின் கீழ் ஊர்கள் அனைத்தும் கட்டுண்டிருந்ததே முதன்மையான காரணம் என்பது நம் கருத்து. தலைவன் மாறினால் எல்லோரும் மாறுவர். அவன் அசையாவிட்டால் ஒருவரும் அசையார். தனிமனிதன் தன் அறிவால் முடிவு செய்யும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. ஒல்லாந்தரும் அதைப் புரிந்துகொண்டனர். மதத்தை விட்டுவிட்டுத் தலைவனைக் கையில் வைத்துக்கொண்டனர். முத்தும் சங்கும் வந்தால் போதாதா?

இரண்டாவது, கடல் பூட்டப்பட்டது. கும்பினியின் சீட்டு இல்லாமல் கலம் செல்லக்கூடாது. இலங்கைக்குத் துணியும் அரிசியும் கொண்டு சென்று, பாக்கு ஏற்றி வந்த காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தம் மூதாதையர் ஓட்டிய நீரிலே சீட்டுக் காட்டி நிற்க வேண்டியதாயிற்று. 1670ஐ ஒட்டி வான் கூன்ஸ் இந்தத் தனியுரிமையை மேலும் இறுக்கினான். அதனால் இலங்கையிலேயே அரிசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது.

மூன்றாவதைச் சொல்லக் கை கூசுகிறது. ஆயினும் சொல்லியே தீர வேண்டும். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாடு பிஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் நொறுங்கியது. அந்த மூன்றாண்டுகளில் 8,000 முதல் 10,000 வரையிலான தமிழ் மக்களை ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினர். இது டச்சு ஆவணங்களை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் என்னும் வரலாற்றாசிரியர் தரும் கணக்கு. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் ஏற்றி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டு சென்றனர். பிறகு 1673 முதல் 1677 வரை வறட்சி. மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர். முத்துக்குக் கணக்கு வைத்த அதே ஏடுகளிலே மனிதர்க்கும் கணக்கு! வான் கூன்ஸ் வென்ற துறைகள்தாம் இந்த வாணிபத்தின் வாயில்கள். இலங்கையின் கோட்டை வேலைக்கும் தரிசு திருத்தவும் கைகள் தேவை என்று கருதிய ஆட்சி அவனுடையது.

வெள்ளையன் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாமா? விற்றவர் யார்? பசியால் பிள்ளையை விற்ற தாய் ஒருபுறம், அவளை மன்னிப்போம். ஊர் ஊராகச் சென்று ஆள் பிடித்த தரகன் நம்மவன். பத்து நாழிகைத் தொலைவிலே கோயில் களஞ்சியமும் அரண்மனைக் களஞ்சியமும் பூட்டிக் கிடக்க, உழுதவன் கூட்டம் கரைக்கு நடந்தது. பிறப்பால் அடிமை என்று ஒரு கூட்டத்தை முன்பே வகுத்து வைத்திருந்தது நம் சமுதாயம். ஒல்லாந்தன் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1707இல் யாழ்ப்பாணத்திலே அவர்கள் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில், கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமை வகுப்பாரென்றே எழுதி வைத்தனர். எழுதியவன் ஒல்லாந்தன், சரிபார்த்து ஒப்பம் அளித்தோர் ஊர்ப் பெரியோர்!

தளபதியின் எஞ்சிய கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1662இலும், பிறகு 1665 தொடங்கி 1675 வரையிலும் இலங்கையின் ஆளுநராக இருந்தான். கண்டி நாட்டுக்குள் புகுந்து எல்லையை விரித்தான். 1670இல் இராசசிங்கன் திருப்பித் தாக்கியபோது அந்த விரிவு சுமையாயிற்று. கொழும்பையே கும்பினியின் கீழ்நாட்டுத் தலைநகராக்க வேண்டும் என்று விரும்பினான். பத்தாவியாவிலிருந்த தலைவர் மாத்சைக்கர் உடன்படவில்லை. போர் செலவு, வணிகமே வரவு என்பது அவர் கட்சி. 1672இல் திரிகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக்காரரை வான் கூன்ஸ் விரட்டினான். அவர்கள் சென்னைக்குத் தெற்கே சாந்தோமைப் பிடித்துக்கொண்டபோது, அங்கும் ஒல்லாந்துக் கப்பல்கள் முற்றுகையிட்டன. 1674இல் சாந்தோம் பணிந்தது. பிரெஞ்சுக்காரருக்கு எஞ்சியது புதுச்சேரி.

தூத்துக்குடியிலோ அமைதி இல்லை. கோட்டை கட்டும் முயற்சியும் பரதவர் மீதான அதிகாரமும் 1660களின் இறுதியிலே மதுரைச் சொக்கநாத நாயக்கரின் ஆள்களோடு பூசலை மூட்டின. 1668இல் தூது சென்றவன் வான் ரீடு. பின்னர் மலையாளக்கரையின் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் ஆராய்ந்து வெளியிட்ட அதே வான் ரீடுதான். செடிக்குக் காட்டிய பரிவை மனிதர்க்குக் காட்டினானா என்பது வேறு கதை.

1675இல் இலங்கை ஆளுநர் பதவியிலே தன் மகனை அமர்த்திவிட்டு வான் கூன்ஸ் பத்தாவியா சென்றான். 1678இல் கும்பினியின் தலைமை ஆளுநரானான். அனாதையாக வந்திறங்கிய ஊரிலே அரியணை போன்ற நாற்காலி. நான்காண்டு கூட அது நிலைக்கவில்லை. உடல் நலிந்து பதவி துறந்து, 1682 நவம்பர் 14ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலே இறந்தான். தனக்குப் பின் வருவோர்க்கென்று அவன் எழுதிய குறிப்புகளை 1932இல் கொழும்பிலே ஆங்கிலத்தில் அச்சிட்டனர். எந்தத் துறையில் என்ன வரவு, எந்தத் தலைவனை எப்படி நடத்த வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதிலே உண்டு. பரதவர் பக்கத்திலிருந்து அப்படி ஒரு குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை. எழுத்து அவர்கள் வீட்டுக்குள் நுழைய விடப்பட்டதா என்ன?

1825 ஜூன் முதல் நாள் ஒல்லாந்தர் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றனர். முத்துக்குளிப்பு அதன் பின்னும் விட்டுவிட்டு நடந்தது. கடைசியாக 1955 தொடங்கி 1961 வரை நடந்து, பிறகு நின்றுவிட்டது. 1973இல் அதே தூத்துக்குடியிலே, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியின் உள்ளே கருவை வைத்து, சோதனைச் சாலையின் கண்காணிப்பிலே முத்து விளைவித்தனர். கல்லும் கயிறும் அங்கே தேவைப்படவில்லை. கடல்கட்டிக்குப் பங்கும் கொடுக்கவில்லை.